அரிப்பதெல்லாம் ஒரே குடும்பமா?

ஐப்பசி மழை விட்டு வெயில் வந்ததும் எங்கள் பள்ளி வேலியில் காஞ்சொறி படர்ந்துவிடும். சில ஊர்களில் இதைச் செந்தட்டி என்பார்கள். பந்தை எடுக்கப் புதருக்குள் கைவிட்டவர் சொறிந்துகொண்டே திரும்புவது வழக்கம். மாமல்லபுரத்தை ஒட்டிய பள்ளி இது. மீனவக் குப்பத்துப் பிள்ளைகளும் சிற்பக்கூடங்களில் உளி பிடிப்போரின் பிள்ளைகளும் படிக்கிறார்கள். எல்லாருக்கும் தெரிந்த செடி என்பதால் தாவர வகைப்பாட்டை இதிலிருந்தே தொடங்குவேன். "இது அர்டிகேசி, அதாவது நெட்டில் குடும்பம். தொட்டால் அரிக்கும்." பல ஆண்டுகளாக இதே வாக்கியம். ஆங்கிலத்திலும் இதற்கு இந்திய நெட்டில் என்று ஒரு பெயர் உண்டு. அதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

சென்ற ஆண்டு ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள்: "டீச்சர், இதோட காய் ஆமணக்குக் காய் மாதிரியே மூணு பிரிவா இருக்கே?"

"அப்புறம் பார்க்கலாம், உட்கார்" என்றேன். இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. அன்று இரவு கேம்பிளின் சென்னை மாகாணத் தாவர நூலைப் புரட்டினேன். காஞ்சொறி, டிராஜியா இன்வோலுகுரேட்டா, ஆமணக்குக் குடும்பத்தில்தான் இருந்தது. மறுநாள் வகுப்பில் தவறை ஒப்புக்கொண்டேன். ஆனால் அதற்கு முன் என்னிடம் படித்துப்போனவர்களிடம் யார் சொல்வது? அதற்காகவே இதை எழுதுகிறேன்.

குடும்பத்தைத் தீர்மானிப்பது அரிப்பு அல்ல, பூவும் காயும்தான். அர்டிகேசியின் பூக்கள் மிகச் சிறியவை, பச்சை நிறமானவை, இதழ் இல்லாதவை. ஆண், பெண் பூக்கள் தனித்தனி. ஒரு பெண் பூவிலிருந்து ஒரே விதை. ஆமணக்குக் குடும்பத்திலோ பெரும்பாலும் மூன்று அறை, மூன்று விதை. மாணவி பார்த்தது இதைத்தான்.

அரிக்க வைக்கும் முறையும் வேறு. நெட்டிலின் தூவி உள்ளீடற்ற ஊசி. சிலிக்கா ஏறிய அதன் நுனி தோலில் பட்டு ஒடிந்ததும் ஹிஸ்டமின், அசிட்டைல்கோலின் கலந்த சாறு உள்ளே இறங்கும். காஞ்சொறியின் தூவிக்குள் இருப்பது கால்சியம் ஆக்சலேட் படிகம். அது தோலைக் குத்த, அதன் வழியே நச்சு இறங்குகிறது. வெவ்வேறு குடும்பங்கள் ஒரே தற்காப்பைத் தனித்தனியே வந்தடைந்திருக்கின்றன. பரிணாமப் பாடத்துக்கு இதைவிட அருகில் உதாரணம் கிடைக்காது.

குப்பைமேனியையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். அதுவும் ஆமணக்குக் குடும்பம், ஆனால் அரிக்காது. இலை மட்டும் நெட்டிலை ஒத்திருக்கும். அதன் பேரினப் பெயரான அகாலிபா, நெட்டிலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

அப்படியானால் உண்மையான அர்டிகேசி எங்கே? எங்கள் தண்ணீர்க் குழாயடியில், ஈரச் சுவரில். பைலியா மைக்ரோபில்லா என்ற, விரல் உயரமே உள்ள, பொடி இலைச் செடி. அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்து இங்கே தங்கிவிட்டது. இதுவும் அரிக்காது. மொட்டு விட்ட செடியைச் சற்றுக் காய விட்டு, கறுப்புத் துணிக்கு முன்னால் வைத்து நீர் தெளியுங்கள். மொட்டுக்குள் வளைந்திருக்கும் மகரந்தத்தாள்கள் வில்லாக நிமிர்ந்து, மகரந்தத்தைப் புகைபோல் வீசும். இந்த வில் அர்டிகேசி குடும்பத்தின் முத்திரை. முதல் முறை எங்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை. மொட்டு முற்றியிருக்க வேண்டும்.

இக்குடும்பத்தில் ஆய்வாளர்களை அதிகம் அலைய வைத்தது ராமி. இலையின் அடிப்புறம் வெண்பஞ்சு பூசியதுபோல் இருக்கும். அரிக்காது. சணலின் ஒரு நார்ச்செல் சில மில்லிமீட்டர்தான். ராமியில் அது 15 சென்டிமீட்டரையும் தாண்டும். நனைந்தால் வலிமை கூடும். 1803-இல் சுமத்ராவின் பென்கூலனிலிருந்து நான்கு செடிகளைக் கல்கத்தா தாவரத் தோட்டத்துக்கு வரவழைத்தார் ராக்ஸ்பர்க். அதற்கு முன் அவர் சென்னை மாகாணத்தில் பணிபுரிந்தவர். சிக்கல் பிசினில் இருந்தது. உரித்த நாரில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு பிசின். சணலைப்போல் நீரில் ஊறப்போட்டு எடுக்க முடியாது. காரம் சேர்த்து வேகவைக்க வேண்டும். பட்டையை உரிக்க நல்ல இயந்திரம் கண்டுபிடிப்போருக்கு அரசு பெரும் பரிசு அறிவித்து, 1872-இலும் 1879-இலும் சஹரன்பூரில் சோதனை நடத்தியது. முழுப் பரிசு யாருக்கும் கிடைக்கவில்லை. இன்று அசாமின் சோர்போக்கில் ராமிக்கென்றே ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. காரத்தைக் குறைத்து நுண்ணுயிரிகளால் பிசின் நீக்கும் முறைகளும் ஆராயப்படுகின்றன.

அரிக்கவும் செய்து நாரும் தரும் உறவினர் நம் நீலகிரியிலேயே உண்டு: ஜிரார்டினியா. நேபாளத்தில் அதே செடியின் நாரை 'அல்லோ' என்று சொல்லித் துணி நெய்கிறார்கள்.

ராமியைப் பிள்ளைகள் பார்த்ததில்லை. ஆனால் பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேண்டிலைத் தாத்தா பாட்டிகளுக்குத் தெரியும். முன்பு அதற்கு ராமி நூல் விரும்பப்பட்டது. நூல் எரிந்துபோக, அதில் ஊறிய தோரியம் உப்பு வலையாக நின்று ஒளிரும். தோரியம் என்றதும் ஒரு பையன் கல்பாக்கம் திசையில் கை காட்டினான். பழைய மேண்டிலை வகுப்புக்குக் கொண்டுவரச் சொல்லாதீர்கள். தோரியம் கதிரியக்கம் உள்ளது. படம் போதும். காஞ்சொறியையும் இடுக்கியால் மட்டுமே எடுங்கள்.

ராமி நாரில் மீன்வலையும் பின்னுவார்கள் என்று சொன்ன மறுநாள், அதே மாணவி தாத்தாவின் பழைய வலைத்துண்டு ஒன்றைக் கொண்டுவந்தாள். "இது எந்தக் குடும்பம் டீச்சர்?" இம்முறை உட்காரச் சொல்லவில்லை. ஓர் இழையை எரித்தோம். நைலானைப்போல் உருகி முத்தாகவில்லை, காகித வாசனையோடு சாம்பலானது. இன்னோர் இழையைப் பிரித்து நுண்ணோக்கியில் வைத்தோம். முறுக்கிய நாடாபோல் தெரிந்தது. பருத்தி. செம்பருத்தியின் குடும்பம் என்று அவளே நோட்டில் எழுதிக்கொண்டாள்.