எஞ்சின் ஆயில் எங்கே போகிறது?

காரில் பெட்ரோல் குறைந்தால் யாரும் வியப்பதில்லை. அது எரிவதற்கென்றே ஊற்றப்படுவது. எஞ்சின் ஆயில் அப்படியன்று. உலோகத்தோடு உலோகம் உரசித் தேயாமல் காப்பதும், சூட்டைக் கடத்திச் செல்வதும், அழுக்கைச் சுமந்து வருவதுமே அதன் வேலைகள். வேலை முடிந்ததும் அது எஞ்சினின் அடியிலுள்ள ஆயில் தொட்டிக்கே திரும்பிவிட வேண்டும். ஆனால் வயதான கார்களில், இந்த மாதம் ஊற்றிய ஆயில் அடுத்த மாதம் பாதிகூட இருப்பதில்லை. “வண்டி ஆயில் குடிக்கிறது” என்கிறார் பட்டறைக்காரர். “எஞ்சினை இறக்க வேண்டியதுதான்” என்று அடுத்த சொல்லும் வந்துவிடுகிறது.

எஞ்சினை இறக்குவது பெருஞ்செலவு. அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: ஆயில் எந்த வழியாகப் போகிறது? மருத்துவர் நோயைக் கண்டறிவதுபோல, இதையும் படிப்படியாகக் கண்டறியலாம். உங்கள் பௌதிகப் பாடத்தில் படித்த சில உண்மைகளே இதற்குப் போதும்.

ஒரு சிறு கணக்கு

நம் நாட்டுச் சாலைகளில் நீண்ட காலம் ஓடிய அம்பாசிடர் காரை எடுத்துக்கொள்வோம். மேற்கு வங்காளத்தின் உத்தரபாராவில் இதன் உற்பத்தி 2014-ஆம் ஆண்டில் நின்றுபோனது. பல ஆண்டுகள் இதில் பொருத்தப்பட்டிருந்த பெட்ரோல் எஞ்சினுக்கு நான்கு சிலிண்டர்கள். ஒவ்வொன்றின் விட்டமும் ஏறத்தாழ 73 மில்லிமீட்டர். பிஸ்டன் மேலும் கீழும் செல்லும் தூரம் 88.9 மில்லிமீட்டர். நான்கு சிலிண்டர்களின் கொள்ளளவையும் கூட்டிப் பாருங்கள். 1489 கன சென்டிமீட்டர் வரும்.

இந்தக் கார் 500 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயிலை எரிக்கிறது என்று கொள்வோம். இது மிக அதிகம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு 2500 முறை சுற்றுவதாக வைத்துக்கொண்டால், ஒரு கிலோமீட்டருக்கு 2500 சுற்றுகள். நான்கு வீச்சு எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் ஒரு சிலிண்டரில் எரிதல் நிகழும். நான்கு சிலிண்டர்களுக்கும் சேர்த்துக் கிலோமீட்டருக்கு 5000 எரிதல்கள். 500 கிலோமீட்டருக்கு 25 லட்சம். ஒரு லிட்டர் என்பது பத்து லட்சம் கன மில்லிமீட்டர். அப்படியானால் ஒவ்வோர் எரிதலிலும் தப்பி எரிவது 0.4 கன மில்லிமீட்டர் ஆயில். ஒரு கடுகில் ஐந்தில் ஒரு பங்கு அளவுகூட இராது!

பிஸ்டன் உரசிச் செல்லும் சிலிண்டர்ச் சுவரின் பரப்பு ஏறத்தாழ 20,400 சதுர மில்லிமீட்டர். அதில் 0.4 கன மில்லிமீட்டரைச் சீராகப் பூசினால் அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு. இவ்வளவு மெல்லிய படலம் கூடுதலாகச் சுவரில் தங்கிவிட்டாலே ‘ஆயில் குடிக்கும் வண்டி’ ஆகிவிடுகிறது. நல்ல எஞ்சினும் சிறிது ஆயிலை எரிக்கத்தான் செய்யும் என்பதும் இதிலிருந்து விளங்கும். சுவரில் ஆயிலே இல்லையென்றால் பிஸ்டன் இறுகிவிடுமே! 1000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை செலவாவதைச் சில கார்க் கம்பெனிகளின் கையேடுகளே ஏற்றுக்கொண்டுள்ளன.

முதற்படி: அளந்து பார்

“நிறையக் குறைகிறது” என்பது அளவன்று. சமதரையில் காரை நிறுத்தி, எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து அளவுகோலை இழுத்துப் பார்க்க வேண்டும். அணைத்தவுடன் பார்த்தால், மேலே சென்ற ஆயில் முழுவதும் கீழே வடிந்திராது. சரிவில் நின்றால் அளவு பொய் சொல்லும். மேல் கோடு வரை ஊற்றி, கிலோமீட்டரைக் குறித்துக்கொண்டு, ஐந்நூறு கிலோமீட்டருக்குப் பின் மறுபடி மேல் கோட்டை எட்ட எவ்வளவு ஊற்ற வேண்டியிருக்கிறது என்று அளக்க வேண்டும். மேல் கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் தவறு. சுழலும் கிராங்க் தண்டு ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும்.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. ஊருக்குள்ளேயே சிறு தூரம் ஓடும் காரில் எஞ்சின் முழுச் சூடு அடைவதில்லை. எரியாத பெட்ரோலும் நீராவியும் ஆயிலில் கலந்து அங்கேயே தங்குகின்றன. ஆயில் செலவாகியும் அளவு குறையாததுபோல் தோன்றும். பிறகு ஒரு நாள் நெடுந்தூரம் ஓட்டினால், சூட்டில் அவை ஆவியாகிப் போய்விடும். அளவு திடீரென்று இறங்கும். “ஒரே பயணத்தில் இத்தனை ஆயிலா?” என்று மலைப்போம். உண்மையில் அது பல வாரக் கணக்கு.

இரண்டாம் படி: ஒழுகுகிறதா?

ஆயில் எரிகிறதா, வெளியே ஒழுகுகிறதா என்று பிரித்தறிவது அடுத்த வேலை. ஒரு மில்லிலிட்டரில் ஏறத்தாழ இருபது சொட்டுகள். ஒரு லிட்டரில் இருபதாயிரம். 25 மீட்டருக்கு ஒரு சொட்டு விழுந்தாலே 500 கிலோமீட்டரில் ஒரு லிட்டர் போய்விடும்!

இரவில் காரின் அடியில் செய்தித்தாளை விரித்து வைத்து, காலையில் எங்கே கறை விழுந்திருக்கிறது என்று பார்க்கலாம். கறை இல்லை என்பதாலேயே ஒழுகல் இல்லை என்று முடிவு கட்டக்கூடாது. எஞ்சின் ஓடும்போது ஆயில் அழுத்தத்தோடு பாய்கிறது. நின்றதும் அழுத்தம் போய்விடுகிறது. ஓடும்போது மட்டும் ஒழுகும் இடங்களும் உண்டு. எஞ்சினின் வெளிப்புறத்தை நன்றாகத் துடைத்துவிட்டு, சிறிது தூரம் ஓட்டி வந்து பார்த்தால் ஈரம் காட்டிக்கொடுக்கும். ஆயில் கீழ்நோக்கி வழியும். ஓடும்போது காற்று அதைப் பின்னோக்கித் தள்ளும். ஆகவே ஈரத்தின் மிக மேலான, மிக முன்னான இடமே ஊற்றுக்கண்.

ஆயில் குளிர்விக்கும் நீரிலும் கலக்கலாம். ரேடியேட்டர் நீரில் எண்ணெய்ப் படலம் மிதந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகே ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டும் என்பதை மறவாதீர்கள்.

மூன்றாம் படி: புகை சொல்லும் சேதி

குளிர்ந்த காலையில் சிறிது நேரம் வெள்ளைப் புகை வந்தால் அஞ்ச வேண்டாம். பெட்ரோல் எரிந்து உண்டான நீராவி குளிர்ந்து துளியாவதே அது. கரும்புகை, பெட்ரோல் அதிகமாகவும் காற்றுக் குறைவாகவும் எரிவதால் வரும் கரித்தூள். நீலம் பாய்ந்த சாம்பல் நிறப் புகையே ஆயில் எரிவதன் அடையாளம். ஏன் நீலம்? ஆயில் ஆவி மிக நுண்ணிய துளிகளாக வெளிவருகிறது. நுண்ணிய துகள்கள் சிவப்பு ஒளியைவிட நீல ஒளியை அதிகம் சிதறடிக்கும். வானம் நீலமாகத் தெரிவதற்கும் இதுபோன்ற சிதறலே காரணம்.

நிறத்தைவிட முக்கியமானது, புகை எப்போது வருகிறது என்பது. ஆயில் சிலிண்டருக்குள் நுழைய இரண்டு பெரு வழிகள் உண்டு: கீழிருந்து பிஸ்டன் வளையங்களைத் தாண்டி, மேலிருந்து வால்வுத் தண்டை ஒட்டி.

பிஸ்டன் வளையங்கள் என்பவை பட்டறையில் ‘ரிங்’ எனப்படுபவை. 1850-களில் ஆங்கிலேயப் பொறியாளர் ஜான் ராம்ஸ்பாட்டம் நீராவி எஞ்சினுக்காக வெட்டுள்ள உலோக வளையத்தை உருவாக்கினார். அது தானே விரிந்து சுவரை அழுத்தும். இன்றைய வளையங்களும் அதன் வழிவந்தவையே. மேல் வளையங்கள் வாயுவைத் தடுக்கும். கீழ் வளையம் சுவரிலுள்ள அதிகப்படி ஆயிலை வழித்து இறக்கும்.

வால்வுத் தண்டு ஏறி இறங்கும் குழாய்க்கு ‘கைடு’ என்று பெயர். கைடு தேய்ந்தாலோ, அதன் மேலுள்ள ரப்பர் சீல் கெட்டாலோ, ஆயில் தண்டை ஒட்டிக் கீழே கசியும். இரவெல்லாம் கசிந்து தேங்கியது, காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு நீலப்புகையாகக் கிளம்பி மறையும். மலைச்சாலையில் இறங்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கிறோம். காற்று வழி மூடிக்கொள்ள, ஓடும் பிஸ்டன்கள் காற்றை இழுக்க, உள்ளிழுக்கும் குழாயில் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடலாம். வெளியிலுள்ள அழுத்தம் ஆயிலைக் கைடு வழியே உள்ளே தள்ளுகிறது. மறுபடி ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் நீலப்புகை வெளிவருகிறது. இதற்கு மாறாக, பாரம் இழுக்கும்போதும் ஏற்றம் ஏறும்போதும் விடாமல் புகை வந்தால் வளையங்களைச் சந்தேகிக்கலாம்.

இவை சந்தேகங்களே, தீர்ப்புகள் அல்ல. குறைந்த அழுத்தம் வளையங்களைத் தாண்டியும் ஆயிலை இழுக்கும். ஆகவே அடுத்த படிக்குச் செல்வோம்.

நான்காம் படி: ஸ்பார்க் பிளக்

நான்கு பிளக்குகளையும் கழற்றி வரிசையாக வைத்துப் பார்க்க வேண்டும். முனை காய்ந்து இளம்பழுப்பாக இருந்தால் நலம். காய்ந்த கறுப்பு, பெட்ரோல் மிகுதி. ஈரமாகப் பளபளக்கும் கறுப்பு, ஆயில். நான்கில் ஒன்று மட்டும் ஈரமென்றால் நோய் ஒரு சிலிண்டரில். நான்கும் ஈரமென்றால் எஞ்சின் முழுவதற்கும் பொதுவான காரணத்தைத் தேட வேண்டும்.

ஐந்தாம் படி: கம்ப்ரஷன் சோதனை

பிளக் இருந்த துளையில் அழுத்தமானியைப் பொருத்தி, காற்று வழியை முழுக்கத் திறந்து, எஞ்சினைச் சில முறை சுற்றினால் அந்தச் சிலிண்டரின் அழுத்தம் தெரியும். குறைவாக இருந்தால் காரணம் வளையமா, வால்வா? இதை அறிய ஓர் எளிய உபாயம்: அந்தச் சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி ஆயிலை விட்டு மறுபடி அளப்பது. ஆயில் வளையத்தின் இடைவெளியைத் தற்காலிகமாக அடைத்துவிடும். அழுத்தம் நன்கு உயர்ந்தால் குற்றவாளி வளையம். உயராவிட்டால் பெரும்பாலும் வால்வு சரியாக மூடவில்லை.

இதை வீட்டிலேயே செய்து பாருங்கள். தோல் வாஷர் உள்ள பழைய சைக்கிள் பம்ப்பை எடுத்து, வாய்த்துளையை விரலால் மூடி அழுத்துங்கள். தோல் காய்ந்திருந்தால் காற்று பக்கவாட்டில் நழுவிவிடும். சில சொட்டு எண்ணெய் விட்டு மறுபடி அழுத்துங்கள். கைப்பிடி எதிர்த்து நிற்கும். சோதனையின் தத்துவம் இதுவே.

எச்சரிக்கை ஒன்று. அழுத்தம் சரியாக இருப்பதாலேயே எஞ்சின் குற்றமற்றது என்று எண்ணிவிடக் கூடாது. கைடு தேய்ந்தாலும் வால்வு நன்றாக மூடலாம். கீழ் வளையத்தின் துளைகளைக் கரி அடைத்திருந்தாலும் மேல் வளையங்கள் வாயுவைத் தடுத்து நிற்கலாம். இரண்டிலும் அழுத்தமானி நல்ல எண்ணையே காட்டும்; ஆயிலோ எரிந்துகொண்டிருக்கும்.

மறந்துபோகும் ஒரு குழாய்

எவ்வளவு நல்ல வளையமானாலும் சிறிது வாயு கீழே கசிந்து ஆயில் தொட்டிக்குள் சேரும். அது வெளியேற ஒரு சுவாசக் குழாய் உண்டு. இக்குழாய் அழுக்கால் அடைபட்டால் உள்ளே அழுத்தம் ஏறி, சீல்கள் வழியே ஆயிலை வெளியே தள்ளும். மேலே சிலிண்டருக்கும் ஏற்றும். ஒழுகலும் புகையும் சேர்ந்தே தோன்றும். எஞ்சினை இறக்குவதற்கு முன் பார்க்க வேண்டிய இடம் இது. சுத்தம் செய்ய ஆகும் செலவோ மிகச் சொற்பம். மலிவான காரணத்தை முதலில் சோதி, விலையுயர்ந்ததைக் கடைசியில் சோதி என்பது பட்டறைக்கு மட்டுமல்ல, ஆய்வுக்கூடத்துக்கும் நல்ல விதியாகும்.

காரணம் தெரியும் வரை வாரம் ஒருமுறை அளவு பார்த்து ஆயில் ஊற்றி வருவது கட்டாயம். ஆயில் எரிவதால் உடனே எஞ்சின் கெடுவதில்லை. ஆயில் தீர்ந்த பின்பும் ஓட்டினால் சில நிமிடங்களில் பேரிங்குகள் அழிந்துவிடும். இச்சோதனைகளைத் தேர்ந்த மெக்கானிக் ஒருவரின் அருகில் நின்று பாருங்கள். மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓட விடவே கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடு உயிரைக் கொல்லும்.

நீங்களே நோயறியுங்கள்

1. முதல் கார்: பாரம் இழுக்கையில் விடாத நீலப்புகை. அழுத்தங்கள் (சதுர சென்டிமீட்டருக்குக் கிலோகிராமில்) 9.0, 8.8, 5.5, 9.1. ஆயில் விட்டபின் மூன்றாம் சிலிண்டர் 8.2.

2. இரண்டாம் கார்: காலையில் ஸ்டார்ட் செய்ததும் சிறு நீலப்புகை, இறக்கம் முடிந்து மிதித்ததும் மறுபடி. நான்கு அழுத்தங்களும் 9-ஐ ஒட்டியே உள்ளன.

3. மூன்றாம் கார்: புகையே இல்லை. பிளக்குகள் இளம்பழுப்பு. செய்தித்தாளில் கறை இல்லை. ஆனால் எஞ்சினின் பின்புறம் முழுவதும் எண்ணெய் அழுக்கு.

விடைகள்: (1) மூன்றாம் சிலிண்டரின் வளையங்கள். (2) வால்வுக் கைடு அல்லது சீல். எஞ்சினை முழுதும் இறக்காமல் மேற்பகுதியை மட்டும் பழுது பார்த்தால் போதும். (3) ஓடும்போது மட்டும் ஒழுகுகிறது. துடைத்து ஓட்டி ஊற்றுக்கண்ணைத் தேட வேண்டும், சுவாசக் குழாயையும் பார்க்க வேண்டும்.

மூன்று கார்களும் “ஆயில் குடிப்பவை”தாம். ஆனால் மூன்றுக்கும் மருந்து வெவ்வேறு.