அறுந்த நூல் சொல்லும் சேதி

கேள்வி: நாற்பது வயதில் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷின் பழகுகிறேன். ஒரு மாதமாக நூல் அறுந்துகொண்டே இருக்கிறது. சின்னப் பெண்கள் சிரிக்கிறார்கள். விட்டுவிடலாமா?
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: விட்டுவிடாதீர்கள், அம்மணி. கோவை அருணாசலம் முருகானந்தம், 1998-இல் மலிவு விலை நாப்கின் செய்யப் புறப்பட்டார். பஞ்சில் செய்தார், தேறவில்லை. ஆட்டு ரத்தம் நிரப்பிய கால்பந்து பிளாடரை இடுப்பில் கட்டித் தானே சோதித்தார். ஊர் பைத்தியம் என்றது. மனைவியும் சில காலம் பிரிந்து போனார். இரண்டாண்டுக்கு மேல் அலைந்த பிறகுதான், கடையில் விற்கும் கம்பெனி நாப்கினுக்குள் இருப்பது பருத்தியல்ல, மரக்கூழ் நார் என்று பிடிபட்டது. அப்புறம் எளிய இயந்திரமும் பிறந்தது. 2016-இல் பத்மஸ்ரீயும் வந்தது.

வெறும் பிடிவாதம் அல்ல அது. தோற்கிறபோதெல்லாம் "எங்கே தப்பு?" என்று தேடினார். நீங்களும் தேடுங்கள். ஓவர்லாக்கில் லூப்பர்களுக்கு முதலில், ஊசிக்குக் கடைசியில் நூல் கோர்க்க வேண்டும். வரிசை மாறினால் அறுந்துகொண்டுதான் இருக்கும். டென்ஷன் இறுக்கமா, ஊசி மழுங்கிவிட்டதா என்றும் பாருங்கள். சிரிக்கிற பெண்களில் ஒருத்தியையே கூப்பிட்டு, ஒருமுறை மெதுவாகக் கோர்த்துக் காட்டச் சொல்லுங்கள். சிரிப்பு நின்றுவிடும், நூலும் நிற்கும்.