சம்பளம் வாங்காத தீயணைப்புப் படை

ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலத்துக் கிராமங்களில் தீயை அணைக்க வருவது யார் தெரியுமா? மாட்டுப்பண்ணைக்காரர், கடைக்காரர், வாத்தியார் என்று ஊர்க்காரங்கதான். சம்பளம் கிடையாது. அந்தக் காலத்தில் ஈரச் சாக்காலும் பச்சைக் கிளையாலும் அடித்தே அணைத்தார்கள்.

1939 ஜனவரியில் வந்த காட்டுத்தீயில் 71 பேர் இறந்தார்கள். விசாரித்த நீதிபதி ஸ்ட்ரெட்டன், சிதறிக் கிடந்த ஊர்ப்படைகளை ஒரே அமைப்பாக்கச் சொன்னார். அது நடந்ததோ 1945-ல்! நடுவில் 1944-லும் தீ வந்து உயிர்கள் போயின. படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

தீயைவிடக் காற்றுதான் மோசம். திடீர்னு திசை மாறினால், பக்கவாட்டில் எரிந்த நீளம் முழுவதும் முன்னால் பாயும். 1998 டிசம்பர் 2-ல் லிண்டன் என்ற ஊரருகே அப்படித்தான் ஒரு வண்டியில் இருந்த 5 தன்னார்வலர்களும் இறந்தார்கள். இப்போது வண்டித் தொட்டியின் கடைசித் தண்ணீரைத் தீயில் ஊற்றுவதில்லை. அது வண்டியில் இருப்பவர்கள் உயிர் தப்புவதற்கு.