கார்ன் பிரே குன்று: புதிய கற்காலச் சுவரைக் கண்டறிய முழுமையான வழிகாட்டி

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், கார்ன்வாலின் ரெட்ரூத் ஊரை ஒட்டி நிற்கிறது கார்ன் பிரே. உயரம் சுமார் 225 மீட்டர்தான். அதன் உச்சியில் ஏறத்தாழ 5,700 ஆண்டுகளுக்கு முன் புதிய கற்கால மக்கள் கல் அடுக்கி வளைத்த குடியிருப்பு ஒன்று இருந்தது. கோட்டை மதிலை நினைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான்.

படி 1: காலம் பார்த்துக் கிளம்புங்கள்

கோடையில் பெரணி மண்டிச் சுவரை மூடிவிடும். குளிர்காலமோ வசந்தத்தின் தொடக்கமோ நல்லது.

படி 2: பிற்காலத்தவற்றைக் கழியுங்கள்

தூரத்திலேயே தெரியும் கல்தூண் 1836-இல் எழுந்த நினைவுச்சின்னம். குன்றின் மேல் 'கோட்டை' என்று அழைக்கப்படும் கட்டடம் உணவகமாக மாற்றப்பட்டது. குன்றில் உள்ள வட்டக் குடிசைத் தடங்கள் இரும்புக் காலத்தவை. புதியவர்கள் பெரும்பாலும் இவற்றைப் படமெடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள்!

படி 3: கிழக்கு உச்சியில் சுவரைத் தேடுங்கள்

இதுதான் முக்கியமான படி. அங்கே இயற்கையாகக் கிடந்த பெரும் கருங்கற்பாறைகளையே தூண்களாகக் கொண்டு, இடைவெளிகளை மட்டும் கல்லால் அடைத்தார்கள். ஆகவே தனிக்கல்லைப் பார்க்காதீர்கள். ஒரு பாறையிலிருந்து அடுத்த பாறைக்குக் கண்ணை ஓட்டுங்கள். தானாக உருண்ட கற்கள் சரிவெங்கும் சிதறிக் கிடக்கும். மனிதர் வைத்தவை வரிசை பிடிக்கும். சில செங்குத்தாக நிற்கும்.

படி 4: உள்ளே நடந்ததை ஊகியுங்கள்

தொல்லியலாளர் ரோஜர் மெர்சர் 1970 முதல் 1973 வரை இங்கே அகழ்ந்தார். வீடு கட்டச் சமப்படுத்திய தளங்கள் கிடைத்தன. கார்ன்வாலின் லிசார்ட் தீபகற்பத்துக் களிமண்ணில் வனைந்த பானைகளும் கிடைத்தன. 700-க்கும் மேற்பட்ட சிக்கிமுக்கிக்கல் அம்புமுனைகளும், தீப்பிடித்த தடயங்களும் வெளிப்பட்டன. யாரோ படையெடுத்து வந்து எரித்தார்கள் என்பது மெர்சரின் முடிவு. வேட்டைக்கு இத்தனை அம்புகள் ஒரே இடத்தில் குவியுமா? எனக்கும் அவர் சொல்வதே பொருத்தமாகப் படுகிறது.

படி 5: எதையும் தொடாதீர்கள்

இது சட்டப் பாதுகாப்பு பெற்ற தொல்லிடம். கல்லைப் புரட்டுவதோ, அனுமதியின்றி உலோகம் தேடும் கருவியைக் கொண்டுபோவதோ கூடாது.

கண் பழகியதும் அதே கார்ன்வாலில் உள்ள ஹெல்மன் டோருக்குப் போங்கள். அதே காலத்துக் கல்வளைப்பு. அதையும் அகழ்ந்தவர் மெர்சர்தான்.