அபினி இனப் பழக்கமும் அதற்குரிய மருந்துச் சிகிச்சையும்

(கல்லாவிப் பகுதி ஐக்கிய சங்க அங்கத்தினருக்குரிய பாடம்)

1937ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 1ந் தேதி, சென்னை மாகாணத்திலேயே முதன்முதலாகச் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு அமுலுக்கு வந்தது. இன்று கிருஷ்ணகிரி ஜில்லாவைச் சேர்ந்த கல்லாவி, அக்காலத்தில் சேலம் ஜில்லாவிலேயே அடங்கியிருந்தது. கடையை மூடுதல் சட்டத்தால் ஆகும். பழக்கத்தால் நோயுற்ற சரீரத்தைக் குணப்படுத்துதலோ வைத்தியத்தால் மாத்திரமே ஆகும். அபினி இனத்து வஸ்துக்களின் விஷயத்தில் இவ்வுண்மை மிகவும் முக்கியமானது.

1. வியாதியின் தன்மை

அபினி, ஹெராயின், டிரமடால், டாபென்டடால் முதலியவை ஒரே இனத்தைச் சேர்ந்தவை. இவற்றுட் சில, வைத்தியர் கடும் நோவுக்குக் கொடுக்கும் மருந்துகளே. உடல் வலிக்கென்று தொடங்கிய மாத்திரையே பின்னர் விடமுடியாத பழக்கமாதலும் உண்டு. டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் நடத்தி 2019இல் வெளியான கணக்கின்படி, இத்தேசத்தில் ஏறக்குறைய 77 லட்சம் பேர் இவ்வினப் பழக்கத்தால் பிறர் உதவி வேண்டிய நிலையில் இருந்தனர்.

நாள்தோறும் உட்கொள்ளுவதால் மூளை அவ்வஸ்துவுக்குப் பழகிவிடுகிறது. நிறுத்திய சில மணி நேரத்திற்குள் கொட்டாவி, மூக்கிலும் கண்ணிலும் நீர் வடிதல், மயிர்க்கூச்சு, வயிற்றுப்போக்கு, எலும்பு நோவு, தூக்கமின்மை ஆகியவை தோன்றும். இத்துன்பத்திற்கு அஞ்சியே நோயாளி மீண்டும் அதை நாடுகிறான். இது மனவுறுதியின் குறையன்று; வியாதியின் குணமேயாம்.

2. மருந்து வேலை செய்யும் விதம்

கந்துவட்டிக் கடனில் மூழ்கிய குடியானவனை, "இன்றே முழுதும் கட்டிவிடு" என்று அதட்டுவதால் பயனில்லை. சங்கம் அக்கடனைத் தான் ஏற்று, தாங்கத்தக்க தவணைக் கடனாக மாற்றுகிறது. அவன் தொழிலைக் கவனித்துச் சிறுகச் சிறுக மீளுகிறான். புப்ரெனார்பின் என்னும் மருந்து செய்வதும் இதுவே. நாவின் கீழ் வைத்துக் கரைக்கப்படும் இம்மாத்திரை மூளையிற் பழைய வஸ்து பற்றிய இடத்தையே பற்றும், துன்பத்தைத் தணிக்கும், சரியான அளவில் மயக்கம் தராது. நோயாளி வேலைக்குச் செல்லலாம். மெத்தடோன் என்பதும் இவ்வகையைச் சேர்ந்ததே. இவ்விரண்டையும் உலக சுகாதார ஸ்தாபனம் 2005இல் அத்தியாவசிய மருந்துகளின் வரிசையிற் சேர்த்தது.

"ஒரு போதைக்கு மற்றொரு போதையா?" என்பார் சிலர். தவணைக் கடனும் கந்துவட்டியும் ஒன்றாகா. இம்மருந்து பெறுவோரிடையே மரணம் பாதிக்கும் கீழாகக் குறைவதைப் பல தேசத்து ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. மாதக்கணக்கிலும் சிலருக்கு வருஷக்கணக்கிலும் இதைத் தொடரவேண்டும். வைத்தியர் சொல்லுமுன் நிறுத்தலாகாது. பழைய வஸ்து உடலில் இருக்கும்போதே தொடங்கினால் துன்பம் திடீரென அதிகரிக்குமாதலால், முதல் மாத்திரையை வைத்தியர் பார்வையிலேயே உட்கொள்ள வேண்டும்.

3. கல்லாவியிலிருந்து செல்லும் வழி

முதலாவது, ஆரம்ப சுகாதார நிலைய வைத்தியரிடம் உள்ளதை மறையாது கூறி, மேல் மருத்துவமனைக்குச் சீட்டுப் பெறுதல்.

இரண்டாவது, ஊத்தங்கரை அரசாங்க மருத்துவமனையிலேனும், 2022இல் திறக்கப்பெற்ற கிருஷ்ணகிரி அரசாங்க மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையிலேனும் மனநோய் வைத்தியரைக் கண்டு, "புப்ரெனார்பின் இங்கே உண்டா? இல்லையெனில் எங்கே உண்டு? தினந்தோறும் வரவேண்டுமா?" என்று கேட்டல். ஊசி போட்டுக்கொண்டவர்கள் நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. சோதனையும் செய்துகொள்ள வேண்டும்.

மூன்றாவது, பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனை. போதை வியாதிகளுக்கென்றே அங்குத் தனிப் பிரிவு உண்டு. ஓசூர், பெங்களூர்ப் பக்கம் வேலைக்குச் செல்வோருக்கு இது வசதியாகும்.

போகுமுன் 14446 என்னும் போதை மீட்பு எண்ணிலேனும், 14416 என்னும் மனநல எண்ணிலேனும் கட்டணமின்றி விசாரிக்கலாம்.

4. எச்சரிக்கைகள்

இரகசியப் பொடிக்கும், அறையிற் பூட்டிவைக்கும் வீடுகளுக்கும் நகையை அடகு வைத்துப் பணம் கொடுத்தல் தகாது. 2017ஆம் வருஷத்து மனநலச் சட்டம், இத்தகைய நிலையங்கள் பதிவு பெற்றிருக்க வேண்டுமென்றும், எவரையும் சங்கிலியிற் பிணைக்கலாகாதென்றும் விதிக்கிறது. இதினும் பெரிய அபாயம் மற்றொன்றுண்டு. சில வாரம் நிறுத்திய சரீரம் பழைய அளவைத் தாங்காது. வெளியே வந்தவன் முன்போலவே உட்கொண்டால் மூச்சு நின்று மாளக்கூடும். மூச்சு மந்தமாகி, உதடு நீலித்து, எழுப்பியும் எழாதவனைக் கண்டால் உடனே 108ஐ அழைத்து, ஒருக்களித்துப் படுக்கவைத்து, அருகிலேயே இருக்கவேண்டும். நாலக்சோன் என்னும் மாற்று மருந்து உரிய நேரத்திற் கிடைத்தால் உயிர் பிழைக்கும்.

போலீஸாருக்கு அஞ்சி ஒளிந்திருப்போரும் உளர். உபயோகித்த குற்றத்திற்கும், சிறு அளவு வைத்திருந்த குற்றத்திற்கும் உள்ளானவர், தாமாகவே அரசாங்கம் நடத்தும் அல்லது அங்கீகரித்த நிலையத்திற் சேர்ந்து சிகிச்சையை முடித்தால், 1985ஆம் வருஷத்துச் சட்டத்தின் 64ஏ பிரிவு அவருக்கு வழக்கினின்று பாதுகாப்பளிக்கிறது. விற்பவருக்கு இச்சலுகை இல்லை.

5. சங்கத்தின் கடமை

நோயாளியின் பெயரைச் சபையிற் பேசாதிருத்தல், துணைக்கு ஒருவரை அனுப்புதல், சிகிச்சையில் இருப்பவனுக்கு வேலையை மறுக்காதிருத்தல் ஆகிய இம்மூன்றும் செலவில்லாதவை. ஒரு குடும்பத்தின் நிலமும் ஒரு மகனின் உயிரும் இவற்றால் மீளக்கூடும்.

மாதக் கூட்டத்தில் ஆலோசிக்கத்தக்க வினாக்கள்

1. திடீரென நிறுத்துவதைக் காட்டிலும் மருந்துச் சிகிச்சை மேலானது ஏன்?
2. பூட்டிவைத்து வெளிவந்தவனுக்கு நேரும் அபாயம் யாது?
3. நமது ஊரிலிருந்து ஒருவரைச் சிகிச்சைக்கு அழைத்துச் செல்லப் பொறுப்பேற்கும் இரு அங்கத்தினர் யாவர்?