சட்டம் படிக்க விண்ணப்பமா? ‘விரும்பினால் நிரப்பவும்’ கட்டங்களுக்குச் சில குறிப்புகள்

உயர்தரப் பெறுபேறு வந்தால் முள்ளியவளையில் வீட்டுக்கு வீடு விண்ணப்பக் கதைதான். இங்கே ஒரு பிள்ளை பல்கலைக்கழகத்துக்கு நிரப்ப, கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற பெறாமக்கள் “சித்தி, இந்தக் கேள்விக்கு எழுதிறதோ, விடுறதோ?” என்று வட்ஸ்அப்பில் கேட்பார்கள். எங்கள் வீட்டில் கைகொடுத்தவை இவை.

1. முதலில் படிவத்தை அச்செடுத்து, கட்டாயக் கேள்விகளுக்குச் சிவப்பிலும் விருப்பக் கேள்விகளுக்குப் பச்சையிலும் கோடு போடுங்கள். பாதிப் பயம் அதிலேயே போய்விடும்.

2. பச்சைக் கோட்டுக்கு ஒரே சோதனை: படிவத்தில் வேறெங்கும் இல்லாத செய்தி இந்தப் பதிலில் இருக்கிறதா? இருந்தால் எழுதலாம். சொன்னதையே திருப்பிச் சொல்வதென்றால் வெறுமையாக விடுங்கள், வாசிக்கிறவருக்கும் புண்ணியம்.

3. நம்நாட்டில் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் படிவம் சட்டத்துக்குக் கட்டுரை கேட்பதில்லை. இசட் புள்ளி, மாவட்டம், விருப்ப வரிசை மூன்றும்தான் அங்கே பேசும். கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம் மூன்றிலும் சட்டம் உண்டு. எழுதாத தெரிவுக்கு இடம் தானாக வராது, ஆகவே போக மனமுள்ளதை எல்லாம் வரிசையில் போடுங்கள்.

4. படித்த பாடசாலை, மாவட்ட விபரங்களை ‘பிறகு பார்ப்போம்’ என்று விடாதீர்கள். பொதுவாக 40 வீதம் வரை அகில இலங்கைத் தகுதிக்கும், 55 வீதம் வரை மாவட்டங்களுக்கும், 5 வீதம் வரை கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகும். எங்கள் முல்லைத்தீவு அந்தக் கடைசிப் பட்டியலில் இருக்கிறது. இடையில் வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ படித்திருந்தால் சேர்ந்த, விலகிய திகதிகளை அதிபரிடம் நேரத்தோடு எழுதி வாங்குங்கள்.

5. கனடாவின் ஒன்ராறியோவில் சட்டத்துக்கு ‘ஓல்சாஸ்’ என்ற ஒரே விண்ணப்ப வாசல்தான். ஆனால் ஒவ்வொரு கல்லூரியும் தன் கேள்வியைத் தனியாகச் சேர்க்கும். யோர்க் பல்கலைக்கழகத்தின் ஒஸ்கூட் ஹோல், படிப்பைப் பாதித்த சொந்தச் சூழலைச் சொல்ல விரும்புகிறவர்களுக்கென்றே ஒரு பகுதி வைத்திருக்கிறது. ஒரு கல்லூரிக்கு எழுதியதை மற்றதுக்கு அப்படியே ஒட்டுவது நேரம் மிச்சம்தான், ஆனால் கல்லூரிப் பெயர் மாறிப் போய்விடாமல் பாருங்கள்.

6. இனி, எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வருகிற பெரிய கேள்வி: யுத்தத்தை எழுதுவதா? பட்டப்படிப்பு முடித்துக் கனடாவில் சட்டத்துக்கு விண்ணப்பிக்கிற பிள்ளைக்கு 2009இல் ஐந்து, ஆறு வயதுதான் இருந்திருக்கும். முள்ளிவாய்க்கால் பெரும்பாலும் அம்மாவின் நினைவு. மெனிக் பாம் முகாமில் தறப்பாளுக்குக் கீழே முதலாம் வகுப்புத் தொடங்கியது, பாடசாலை மாறி மாறி வாசிப்புப் பிந்தியது பிள்ளையின் நினைவு. பிள்ளை தன்னுடையதை எழுதட்டும். மனமில்லையென்றால் வற்புறுத்தாதேங்கோ, துயரத்தைக் காட்டித்தான் இடம் வாங்கவேண்டும் என்று எந்தப் படிவமும் சொல்லவில்லை.

7. ஒரு தவணையில் புள்ளி விழுந்ததற்கு விளக்கம் கேட்டால் நாலு வரி போதும்: என்ன நடந்தது, எப்போது, பிறகு எப்படி எழும்பியது. புள்ளி விழாத பிள்ளைக்கு அந்தக் கட்டம் தேவையே இல்லை.

8. ‘ஏன் எங்கள் கல்லூரி?’ என்பது பெயருக்குத்தான் விருப்பக் கேள்வி என்பது என் எண்ணம். உண்மையில் விரும்புகிற இடத்துக்கு உட்கார்ந்து எழுதுங்கள். கணக்குக்குப் போட்ட இடத்துக்கு விட்டுவிடலாம்.

9. இங்கிலாந்தின் யூகாஸ் படிவத்தில் இனம் பற்றிய கேள்விக்குச் ‘சொல்ல விரும்பவில்லை’ என்றும் தெரிவு செய்யலாம். இடம் உறுதியான பிறகுதான் அந்த விபரம் பல்கலைக்கழகத்துக்குப் போகும் என்பதால், தமிழ் என்று போட்டால் இடம் போகுமோ என்று நித்திரை முழிக்கத் தேவையில்லை.

10. அமெரிக்காவில் 2023 யூனில் உயர் நீதிமன்றம் இனத்தைப் பார்த்து இடம் கொடுப்பதை நிறுத்தியது. ஆனால் தன் பின்னணி தன்னை எப்படி ஆக்கியது என்று பிள்ளை எழுதுவதைத் தடுக்கவில்லை. ‘நான் தமிழன்’ என்று மட்டும் எழுதினால் ஒன்றும் நகராது. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலில் தண்ணீர்ப் பந்தலை ஒழுங்குபடுத்தி, வரிசைச் சண்டையைத் தீர்த்து வைத்த கதை எழுதினால் ஆளைத் தெரியும்.

11. ஒழுக்காற்று நடவடிக்கை, பொலிஸ் வழக்கு பற்றிய கேள்விகளை விருப்பக் கேள்விகளோடு சேர்த்துக் குழப்பாதீர்கள். கேட்டதற்கு உள்ளதைச் சொல்லியே ஆகவேண்டும்; பிற்காலத்தில் சட்டத்தரணியாகப் பதிகிற நேரம் பழைய படிவத்தை எடுத்து ஒப்பிடவும் கூடும்.

12. கொமினிகேஷன் கடையில் நேரத்துக்குக் காசு, ஆகவே பதில்களை முதலில் கொப்பித் தாளில் எழுதி எண்ணிப் பாருங்கள். கடைத் தம்பி கைவேகத்தில் எல்லாக் கட்டத்துக்கும் சரி போட்டுவிடுவார், அனுப்புகிற பொத்தானைப் பிள்ளையே அழுத்தட்டும்.

13. ஓல்சாஸ் முடிவுத் திகதி வழமையாக நவம்பர் முதலாந் திகதி. எங்களுக்கு அது மாரி தொடங்கி மின்சாரம் கண்ணாமூச்சி காட்டுகிற காலம். இங்கிருந்து சான்றிதழ் அனுப்புகிறவர்கள் ஒக்டோபர் நடுப்பகுதிக்குள் ஸ்கேன் எடுத்து அனுப்பி, மூலப்பிரதியைப் பொலித்தீன் பையில் சுற்றி அலுமாரி மேல்தட்டில் வையுங்கள்.