மலையகத்தின் முதல் அமைச்சர்

கேள்வி: மலையகத் தமிழரில் முதன்முதல் அமைச்சரானவர் யார்?

பதில்: பெரி சுந்தரம் (1890–1957). கண்டி திரித்துவக் கல்லூரியிலும் கேம்பிரிட்ஜிலும் படித்து பாரிஸ்டரானவர். 1931இல் ஹட்டன் தொகுதியிலிருந்து இலங்கை அரசாங்க சபைக்குச் சென்று, தொழில், கைத்தொழில், வணிக அமைச்சரானார். அவர் பதவிக்காலத்தில் நிறைவேறிய 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டமே பெரிய சாதனை. தேயிலைக் கொழுந்து அரைக்கும் ரோலரில் கை சிக்கி விரல் இழந்தவர், தோட்டத் துரையின் கவனக்குறைவை நிரூபிக்காமலே நட்டஈடு கோர அது வழிசெய்தது. தோட்டத் தொழிலாளருக்கு இதைவிடப் பயனுள்ள சட்டங்கள் அக்காலத்தில் மிகச் சிலவே. 1936 தேர்தலில் ஹட்டன் தொகுதி தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யருக்குப் போனது. பின்னர் இலங்கை இந்தியன் காங்கிரஸின் தலைவராக இருந்த சுந்தரம், 1947இல் செனட் சபை உறுப்பினரானார். அடுத்த ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது.